பீரங்கியை விட்டுக் கலப்பையைப் பிடித்த பெருமகன்

எமது அறுபத்துமூன்று நாயன்மார்களுள் சேனைத் தலைவராக இருந்தவரும் உண்டு, கமக்காரராக இருந்தவரும் உண்டு. வாதாபி வரை படை நடத்திச் சென்று மீண்ட பரஞ்சோதியார், போர்த்தொழிலை விட்டுத் திருச்செங்காட்டங்குடியில் அடியாருக்கு அமுதூட்டும் சிறுத்தொண்டரானார். இளையான்குடி மாறனார் நள்ளிரவில் மழையில் நனைந்துகொண்டு சென்று, பகலில் வயலில் விதைத்த நெல்லை வாரி வந்து விருந்தினரின் பசி தீர்த்தார். இவ்விருவரின் கதைகளையும் திருவிழாக் காலப் பிரசங்கங்களில் கேட்டே நாம் வளர்ந்தோம்.

இந்த இரண்டு வாழ்க்கைகளையும் ஒரே பிறவியில் வாழ முயன்ற ஒருவர் எம் நாட்டிலிருந்து வெகு தொலைவில், பனி மூடிய ரஷ்யாவில் இருந்தார். அவர் சைவரல்லர். ஆயினும் புலால் மறுத்தவர், கொல்லாமையைப் போற்றியவர், தம் முதிய வயதில் எங்கள் திருக்குறளை எடுத்தாண்டவர். ஆலய மலரில் பிறநாட்டார் ஒருவரின் வரலாறு எதற்கு என்று கேட்போருக்கு இந்த மூன்றுமே போதுமான விடையென எண்ணுகிறேன். அவர்தான் லியோ டோல்ஸ்டோய். எழுத்தாளராகவே உலகம் அவரை அறியும். இங்கே அவரைப் போர்வீரராகவும் கமக்காரராகவும் பார்ப்போம்.

1828ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி, மொஸ்கோ நகரிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீற்றர் தெற்கே உள்ள யஸ்னாயா பொல்யானா என்னும் கிராமத்தில் டோல்ஸ்டோய் பிறந்தார். பிரபு குடும்பம். தந்தையாரும் 1812இல் நெப்போலியனுக்கு எதிரான போரில் கலந்துகொண்ட படைவீரரே. இரண்டு வயது நிறையுமுன் தாயை இழந்தார், ஒன்பதாவது வயதில் தந்தையையும் இழந்தார். பெற்றோரற்ற ஐந்து பிள்ளைகளையும் உறவுக்காரப் பெண்மணிகளே வளர்த்தெடுத்தனர்.

அந்தச் சிறுவயதில் மூத்த அண்ணன் நிக்கொலாய் தம்பிமாருக்கு ஒரு கதை சொன்னார். மனிதர் எல்லாரும் நோயின்றி, கோபமின்றி, ஒருவரையொருவர் நேசித்து வாழ்வதற்கான இரகசியம் ஒரு பச்சைத் தடியில் எழுதப்பட்டிருக்கிறதாம். அந்தத் தடி ஊர்க் காட்டில் ஒரு பள்ளத்தின் ஓரத்தில் புதைந்து கிடக்கிறதாம். பிள்ளைகள் அதை நம்பினார்கள். வளர்ந்ததும் மற்றவர்கள் அதை விளையாட்டுக் கதையென விட்டிருக்கலாம். எங்கள் கதாநாயகர் கடைசி வரை விடவில்லை.

கசான் பல்கலைக்கழகத்தில் முதலில் கீழைத்தேய மொழிகளையும் பின்பு சட்டத்தையும் படிக்கப் புகுந்து, பட்டம் பெறாமலே 1847இல் ஊர் திரும்பினார். அப்போது சொத்துப் பங்கீட்டில் யஸ்னாயா பொல்யானா அவர் கைக்கு வந்தது. சில ஆயிரம் ஏக்கர் நிலம். அந்நிலத்தோடு சேர்த்து, அதை உழுது பயிரிட்ட குடியானவர்களும் அவருக்குச் சொந்தமாக எழுதப்பட்டிருந்தனர். அந்தக் காலத்து ரஷ்யாவில் நிலத்தோடு மனிதரும் கைமாறினர். குடிமை என்ற சொல் எங்கள் ஊர்களுக்கும் புதியதன்று ஆகையால் இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பத்தொன்பது வயதுப் பிரபு தம் குடியானவரின் வாழ்வைச் சீர்திருத்தப் புறப்பட்டார். அவர்களோ அவரை நம்பவில்லை. மனம் சலித்து நகரங்களுக்குச் சென்று சீட்டாட்டத்திலும் கேளிக்கையிலும் காலத்தையும் பணத்தையும் அழித்தார். கடன் கழுத்தை நெரித்தது. 1851இல், இராணுவத்தில் இருந்த அண்ணன் நிக்கொலாயோடு கோக்கசஸ் மலைநாட்டுக்குப் புறப்பட்டுப் போனார். அடுத்த ஆண்டு பீரங்கிப் படையில் சேர்ந்தார்.

மலைநாட்டுச் செச்னியருக்கும் ரஷ்யப் படைக்கும் அப்போது ஓயாத போர். டோல்ஸ்டோய் அஞ்சாத வீரர் என்றே பெயரெடுத்தார். ஒருமுறை செச்னியரிடம் சிறைப்படும் தறுவாயிலிருந்து மயிரிழையில் தப்பினார். வீரத்துக்கான சிலுவைப் பதக்கம் அவர் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தும் கிடைக்கவில்லை. ஒருமுறை அதை ஒரு வயது முதிர்ந்த சாதாரணச் சிப்பாய்க்கு விட்டுக்கொடுத்தார். அச்சிப்பாய்க்கு அப்பதக்கத்தோடு ஆயுட்கால ஓய்வூதியமும் கிடைக்கும் என்பதே காரணம். இன்னொரு முறை சதுரங்க ஆட்டத்தில் மூழ்கிக் காவற் கடமைக்குப் போக மறந்து தண்டனை பெற்றதனால் இழந்தார். முதலாவதைப் படித்து அவரை மகானென்று எண்ணுவோரை இரண்டாவது தடுத்துவிடும். அவருடைய வாழ்க்கை முழுவதுமே இப்படித்தான்.

1854இல் கிரிமியப் போர் மூண்டிருந்தது. அதிகாரியாகப் பதவி உயர்வு பெற்று முதலில் டன்யூப் நதிக்கரைப் போர்முனைக்கும், பின்பு அவ்வாண்டு நவம்பரில் முற்றுகையிடப்பட்ட செவஸ்தபோல் துறைமுக நகருக்கும் சென்றார். பிரித்தானியப் படைகளும் பிரெஞ்சுப் படைகளும் நகரைச் சூழ்ந்து நின்று இரவு பகலாகக் குண்டு பொழிந்தன. 1855 வசந்தத்தில் அவர் கடமையேற்றது நான்காவது காவலரணில். நகரின் அரண்களுள் மிக ஆபத்தானது அதுதான். காயப்பட்டோரை நிரப்பி வைத்திருந்த மண்டபத்தையும், கை கால் வெட்டி அகற்றப்பட்ட இளைஞர்களையும், பிணங்களை எடுக்க இருதரப்பாரும் வெள்ளைக்கொடி காட்டிச் சிறிது நேரம் ஒருவரோடொருவர் சிரித்துப் பேசிவிட்டு மறுபடியும் சுடத் தொடங்கியதையும் கண்ணாற் கண்டார். கண்டதை அங்கிருந்தே எழுதி அனுப்பினார். அரசாங்கத்தின் தணிக்கை அக்கட்டுரைகளில் ஒன்றைச் சிதைத்தே வெளிவர விட்டது. போர்க்களத்தின் புகழைப் பாடுவதை விட்டு அதன் உண்மையைச் சொன்ன எழுத்துகள் அவை.

செவஸ்தபோல் 1855 செப்டெம்பரில் வீழ்ந்தது. 1856இல் அவர் இராணுவத்தை விட்டு விலகினார். வீரத்துக்கான ஒரு விருதும் லெப்டினன்ட் பதவியும் அவருக்குக் கிடைத்திருந்தன. பிறந்து வளர்ந்த வீடு மட்டும் இல்லாமற் போயிருந்தது. போர்க்காலத்தில் அந்தப் பெரிய மாளிகையை விற்று, அந்தப் பணத்தைச் சூதாட்டத்தில் தோற்றிருந்தார். வாங்கியவர் அதைக் கழற்றி எடுத்துச் சென்றுவிட்டார். திரும்பி வந்த வீரர் எஞ்சியிருந்த பக்கக் கட்டடம் ஒன்றிலேயே குடியிருக்க வேண்டியதாயிற்று.

அதே 1856இல் தம் குடியானவரை விடுதலை செய்ய முன்வந்தார். நிலத்தை அவர்களுக்கே கொடுப்பதாகவும், அதன் விலையைப் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் செலுத்தலாம் என்றும் சொன்னார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். புதிய மன்னர் எல்லோருக்கும் நிலத்தை இலவசமாகத் தரப்போகிறார், அதற்கு முன் எங்களைக் கட்டிப்போட எசமான் செய்யும் தந்திரம் இது என்று அவர்கள் நினைத்தனர். தலைமுறை தலைமுறையாக ஏமாற்றப்பட்டவர்கள் நல்லவனையும் நம்பமாட்டார்கள். அவர்கள் மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1859இல் அவ்வூர்ப் பிள்ளைகளுக்குத் தம் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தினார். அடியும் இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை. 1861இல் அரசு குடியானவரை விடுவித்தபோது, நிலப் பிணக்குகளைத் தீர்க்கும் நடுவராக நியமிக்கப்பட்டார். தீர்ப்புகளில் பெரும்பாலும் ஏழையின் பக்கம் நின்றமையால் அயலிலிருந்த நிலப்பிரபுக்கள் அனைவரும் அவரைப் பகைத்தனர். அடுத்த ஆண்டே அப்பதவியை விட்டார்.

1862இல் சோபியா அம்மையாரை மணந்தார். அவருக்கு வயது 34, அம்மையாருக்கு 18. பதின்மூன்று பிள்ளைகள் பிறந்தன, எட்டுப் பேரே வளர்ந்து ஆளாயினர். போரும் அமைதியும், அன்னா கரேனினா ஆகிய பெருநாவல்கள் வெளிவந்ததும் அவர் உலகப் புகழ் பெற்றதும் இந்த ஆண்டுகளில்தான். அவற்றைப் பற்றி எழுத அறிஞர் பலர் உளர். எமக்கு வேண்டியது அதே ஆண்டுகளில் அவர் தேனீ வளர்த்ததும், ஆப்பிள் தோட்டம் நட்டதும், பன்றியும் குதிரையும் வளர்த்ததும்தான். குடியானவரோடு ஒரே வரிசையில் நின்று அரிவாளால் புல் வெட்டி, அந்த அனுபவத்தை அப்படியே தம் நாவலில் ஒரு பாத்திரத்துக்குக் கொடுத்தார். ஆனால் அக்காலத்தில் அவர் வேலை செய்தது தம் சொந்தச் செல்வத்துக்காகவே.

ஐம்பது வயதை அண்டியபோது பெரிய மாற்றம் வந்தது. புகழும் பொருளும் குடும்பமும் நிறைந்திருந்த வேளையில், சாவு வந்து எல்லாவற்றையும் அழிக்குமாயின் வாழ்வதற்கு என்ன பொருள் என்ற கேள்வி அவரை வாட்டியது. தற்கொலை எண்ணத்துக்குப் பயந்து கயிற்றைக்கூடக் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தார். விடையை ஞானிகளின் நூல்களில் தேடினார், புத்தர் வரலாற்றிலும் தேடினார். கடைசியில், தம் வயலில் வியர்வை சிந்தும் எழுத்தறிவில்லாத குடியானவன் இந்தக் கேள்வியால் வாடாமல் கடவுளை நம்பி அமைதியாக வாழ்ந்து அமைதியாகச் சாகிறான் என்பதைக் கண்டார். இயேசுநாதரின் மலைப்பிரசங்கத்தில் தீமையைத் தீமையால் எதிர்க்க வேண்டாம் என்ற போதனையே அதன் உயிர் எனக் கொண்டார். அப்படியானால் போர் பாவம், படையிற் சேர்வது பாவம், பிறர் உழைப்பில் உண்பதும் பாவம். பீரங்கிப் படையில் இருந்து மனிதரைக் கொன்றவன் நான் என்று தம் குற்றத்தை அச்சிலே ஒப்புக்கொண்டார்.

அதன் பின்னரே அவர் உண்மையான கமக்காரரானார். குடியானவர் அணியும் முரட்டுச் சட்டையை அணிந்தார். தாமே விறகு பிளந்தார், தண்ணீர் சுமந்தார், சப்பாத்துத் தைக்கப் பழகினார். ஊரில் ஆண்துணையற்ற விதவைப் பெண்களின் நிலத்தை உழுது கொடுத்தார், அவர்களுக்குக் குடிசை கட்டவும் வைக்கோற் கூரை வேயவும் உதவினார். அறுபது வயதை நெருங்கிய அவர் இரண்டு குதிரைகளோடு வயலில் உழும் காட்சியை ரேப்பின் என்னும் புகழ்பெற்ற ஓவியர் 1887இல் தீட்டினார். வெயிலில், வெள்ளைத் தொப்பியோடு, ஏரை அழுத்திப் பிடித்தபடி நடக்கும் அந்தத் தாடிக்காரரின் படத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

மதுவையும் புகையிலையையும் விட்டார். இளமையிலிருந்தே உயிருக்கு உயிராக இருந்த வேட்டையையும் விட்டார். 1880களின் நடுப்பகுதியில் புலாலுண்பதை அறவே நிறுத்தினார். பின்னர் ரூலா நகரிலிருந்த மாடு வெட்டும் கொட்டிலுக்குத் தாமே சென்று, அங்கு நடப்பதை முழுவதும் நின்று பார்த்து வந்து எழுதினார். உண்பவர் காணத் துணியாததைக் காட்டுவதே அவர் நோக்கம். சைவ உணவுக்காரருக்கு இது பெரிய விடயமாகத் தோன்றாது. ஆனால் ஆறு மாதம் பனி மூடிக் கிடக்கும் நாட்டில், வேட்டைக்காரராக வளர்ந்த ஒருவர் அறுபதை அண்டும் வயதில் எடுத்த முடிவு அது என்பதை நினைக்க வேண்டும்.

அம்மையாரின் நிலையையும் நாம் மறக்கலாகாது. வீடு நிறையப் பிள்ளைகள், தோட்டத்துக் கணக்கு வழக்கு, நூல்களை அச்சிடும் வேலை எல்லாம் அவர் தலையில். கணவரோ விறகு வெட்டுவதிலும் சப்பாத்துத் தைப்பதிலும் தம் பெரும் ஆற்றலை வீணாக்குகிறார் என்று அவர் வருந்தினார். சொத்தெல்லாம் துறக்க வேண்டும் என்று டோல்ஸ்டோய் சொன்னபோது பிள்ளைகளின் வாயை நினைத்து எதிர்த்தார். முடிவில் நிலமனைத்தும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பிரித்து எழுதப்பட்டது. 1881க்குப் பின் எழுதிய நூல்களை எவரும் பணமின்றி அச்சிடலாம் என்று டோல்ஸ்டோய் 1891இல் அறிவித்தார். ஆனால் தாம் துறந்த அதே வீட்டிலேயே, வேலையாட்கள் பரிமாறும் அதே மேசையிலேயே தொடர்ந்து இருந்தார். துறவியென்று புகழ்ந்து வந்தவர்களுக்கும் போலியென்று ஏசியவர்களுக்கும் அவர் இதை மறைக்கவில்லை. அது அவருக்கு நாள்தோறும் குத்தும் முள்ளாகவே இருந்தது.

1891இல் ரஷ்யாவின் பல மாகாணங்களில் மழை பொய்த்து விளைச்சல் அழிந்தது. முதலில் டோல்ஸ்டோய் நிவாரண நிதிகளைக் குறைகூறினார். ஏழையின் உழைப்பை உண்டவர்களே ஏழைக்குப் பிச்சையிடுவது பாசாங்கு என்பது அவர் எண்ணம். ஆனால் பட்டினிக் கிராமங்களை நேரிற் பார்த்ததும் தர்க்கம் பறந்தது. வயற்களையின் விதையை மாவிற் கலந்து சுட்ட, கறுத்துக் கசக்கும் ரொட்டியை மக்கள் தின்பதைக் கண்டார். மகள்மாரோடு றியாசான் மாகாணத்தில் பெகிச்செவ்கா என்னும் கிராமத்தில் போய்த் தங்கினார். அறுபத்துமூன்று வயதில், கடும் பனியில், வீடு வீடாகச் சென்று யார் பட்டினி என்று கணக்கெடுத்தார்.

அன்னசாலை நடத்திய முறை கவனிக்கத்தக்கது. ஊரில் மிக ஏழையான வீட்டைத் தெரிந்து, மாவும் கிழங்கும் பருப்பும் விறகும் கொடுத்து, அவ்வீட்டாரையே சமைக்கச் செய்து, சுற்றியிருப்போரை அங்கே வந்து உண்ண வைத்தார். இதனால் அந்த வீட்டாரும் உண்டனர், குளிரும் காய்ந்தனர். 1892இல் இத்தகைய அன்னசாலைகள் இருநூறுக்கு மேல் இயங்கின, நாளொன்றுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பசியாறினர். அவர் கமக்காரர் ஆகையால் சோற்றோடு நிற்கவில்லை. அடுத்த போகத்துக்கு விதைதானியம் கொடுத்தார், தீனியின்றிச் சாகவிருந்த உழவுக் குதிரைகளைக் காப்பாற்ற ஏற்பாடு செய்தார். விதையையும் உழவு மிருகத்தையும் இழந்தவன் பஞ்சம் தீர்ந்த பின்னும் எழும்பமாட்டான் என்பது எங்கள் ஊரவருக்கு ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்து உள்நாட்டிலும் வெளிநாட்டிலுமிருந்து பணம் வரச் செய்தவர் சோபியா அம்மையார்தான்.

படையிற் சேர மறுத்து 1895இல் தம் ஆயுதங்களைக் குவித்துத் தீயிட்டுக் கொளுத்திய டூக்கபோர் என்னும் கமக்காரச் சமயத்தாரை அரசு கொடுமைப்படுத்தியது. அவர்கள் கனடாவுக்குப் போய்க் குடியேறும் செலவுக்காகவே புத்துயிர்ப்பு என்ற நாவலை முடித்து 1899இல் வெளியிட்டு, அதன் வருமானத்தைக் கொடுத்தார். ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் அவ்வாண்டு கப்பலேறினர். 1901இல் ரஷ்யத் திருச்சபை அவரை விலக்கி வைத்தது.

1908இல் வங்காளத்துத் தாரக்நாத் தாஸ், இந்திய விடுதலைக்கு ஆதரவு கேட்டு எழுதிய கடிதத்துக்கு டோல்ஸ்டோய் நீண்ட பதில் எழுதினார். ஆயுதத்தை ஆயுதத்தால் எதிர்ப்பது வழியன்று என்றும், அடக்குவோருக்கு ஒத்துழைக்காமல் விடுவதே வழி என்றும் அதில் விளக்கினார். அப்பதிலில் கண்ணபிரானின் உபதேசங்களோடு, திருக்குறளின் இன்னா செய்யாமை அதிகாரத்துக் குறள்களையும் எடுத்தாண்டார். செவஸ்தபோலில் பீரங்கியின் அருகில் நின்றவர், தமக்கு அந்த வழியைக் காட்டத் தமிழ்ப் புலவரைச் சாட்சிக்கு அழைத்தார்.

இந்தப் பதில் தென்னாபிரிக்காவில் போராடிக்கொண்டிருந்த காந்தியடிகளின் கைக்கு எட்டியது. 1909இல் கப்பற் பயணத்தின்போது அதைக் குஜராத்தி மொழியில் பெயர்த்தார். இருவருக்கும் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. 1910இல் கலன்பாக் என்னும் நண்பர் ஜொகான்னஸ்பேர்க் நகருக்கு அண்மையில் 1100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக ஒதுக்கினார். அதற்கு டோல்ஸ்டோய் பண்ணை என்று பெயரிட்டனர். சிறை சென்றவர்களின் மனைவி மக்கள் அங்கே தங்கி, தோட்டம் செய்து, பழமரங்களைப் பராமரித்து, மிதியடி தைத்து, சைவ உணவு உண்டு வாழ்ந்தனர். அவர்களுள் தமிழர் கணிசமானோர். அப்பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் பொறுப்பைக் காந்தியடிகளே ஏற்று, போப் ஐயரின் கைநூலை வைத்துத் தாம் கற்ற அரைகுறைத் தமிழைக் கொண்டு வகுப்பு நடத்தினார். தம் பெயரில் அப்படியொரு பண்ணை எழுந்த செய்தியை அறிந்து முதியவர் மகிழ்ந்தார்.

வீட்டிலோ மகிழ்ச்சி இல்லை. நூல்களின் உரிமை பற்றிய இரகசிய உயிலால் கணவனுக்கும் மனைவிக்கும் இடையே பிணக்கு முற்றியது. 1910 நவம்பர் 10ஆம் திகதி விடியுமுன், எண்பத்திரண்டு வயதான டோல்ஸ்டோய், மருத்துவரை மட்டும் துணைக்கழைத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறினார். மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் பயணம் செய்தார். வழியில் நெஞ்சுச் சளிக்காய்ச்சல் கண்டு, அஸ்தபோவா என்னும் சிறு நிலையத்தில் இறக்கப்பட்டார். நிலைய அதிபர் தம் வீட்டில் இடங்கொடுத்தார். ஓடிவந்த சோபியா அம்மையாரை, நோயாளி நினைவோடிருந்தவரை உள்ளே விடவில்லை. யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றார் நாற்பத்தெட்டு ஆண்டுகள் கூட வாழ்ந்தவர். நவம்பர் 20ஆம் திகதி காலை உயிர் பிரிந்தது.

உடல் யஸ்னாயா பொல்யானாவுக்கு வந்தது. ஊர்க் குடியானவரும் ஆயிரக்கணக்கான பொதுமக்களும் பின்தொடர, அவர் கேட்டிருந்தபடியே காட்டுப் பள்ளத்தின் ஓரத்தில், அண்ணன் நிக்கொலாய் பச்சைத் தடி புதைந்திருப்பதாகச் சொன்ன இடத்தில் அடக்கம் செய்தனர். பாதிரிமார் இல்லை, சிலுவை இல்லை, கல்லும் இல்லை. ஒரு மண்மேடு மட்டுமே.

1941இல் ஜேர்மன் படை அவ்வூரை ஆறு வாரங்களுக்கு மேல் பிடித்து வைத்திருந்தது. வீட்டை மருத்துவ முகாமாக்கி, இறந்த தம் சிப்பாய்களைக் கொண்டுபோய் அந்த மண்மேட்டைச் சுற்றியே புதைத்தனர். பின்வாங்கும்போது வீட்டுக்குத் தீ வைத்தனர், ஊரவரும் அங்கு பணிபுரிந்தோரும் சேர்ந்து அணைத்தார்கள். சிப்பாய்களின் உடல்கள் பின்னர் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. மேடு மட்டும் மரங்களின் நடுவே முன்போலவே, பெயரெழுதாமல், புல் மூடி இருக்கிறது.